கிரேனை நிறுத்திய ஜாகிர்

சென்ற வாரம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஜாகிரைப் பார்த்தேன். என் நண்பனின் தம்பி. ஊர் பரங்கிப்பேட்டை. வேலை வளைகுடாவில், ஒரு பெரிய எண்ணெய் கம்பெனியில். நடுக்கடலில் கிணறு தோண்டும் மேடையில் கிரேன் ஓட்டுகிறான். இருவருமே கடலூர்தான் போகிறோம். பக்கத்துப் பக்கத்து சீட்.

பஸ் நகர்வதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். இந்த எண்ணெய் கம்பெனிகள் இருக்கிறதே... விளக்கெரிக்க மண்ணெண்ணெய் விற்றவர்கள், கார் வந்ததும் பெட்ரோல் விற்றார்கள், அப்புறம் நாடுகளின் தலையெழுத்தையே எழுத ஆரம்பித்தார்கள். அவர்கள் கண் அசைத்தால் அரசாங்கங்கள் ஆடின. கடலைக் கெடுத்தார்கள்—

"எல்லாம் சரிண்ணே. எனக்கு நடந்ததையும் கேளுங்க" என்றான் ஜாகிர்.

வேலையில் சேர்ந்த புதிது. கப்பலிலிருந்து இரும்புக் குழாய்க் கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தான். மேடையில் ஆட்கள் நின்றார்கள். கட்டு லேசாகச் சாய்வதுபோல் இருந்தது. சட்டென்று கப்பலிலேயே இறக்கிவிட்டு, "ஸ்டாப்" என்றான் வாக்கி டாக்கியில்.

குழாய்க்காக மொத்த வேலையும் காத்திருந்தது. சூப்பர்வைசர் கத்தினார். கயிறு, கொக்கி எல்லாவற்றையும் சோதித்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. காற்றுதான் ஆட்டியிருக்கிறது!

"சீட்டு கிழிஞ்சிதுன்னு நெனச்சேன். வூட்ல எனக்குப் பொண்ணு பேசி முடிச்சிட்டாங்க. அவுங்ககிட்ட எப்படிண்ணே சொல்றது?"

மறுநாள் காலை மீட்டிங். பெரிய மேனேஜர் இவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்தான்.

"சந்தேகம் வந்ததும் நிறுத்தினாயே, நன்றி. நாளைக்கும் சந்தேகம் வந்தால் நாளைக்கும் நிறுத்து" என்று சொல்லிக் கைகொடுத்தார். முன்னொரு காலத்தில் வேறொரு மேடையில் இப்படித்தான் ஒரு கட்டு சாய்ந்ததாம். பார்த்தவர்கள் பயந்து பேசாமல் இருந்தார்களாம். அந்த மேனேஜரின் நண்பர் அதில் செத்துப்போனாராம். கத்திய சூப்பர்வைசரும் வந்து ஜாகிரைக் கட்டிக்கொண்டார்.

"இப்ப அங்க சமையக்காரரு சொன்னாலும் வேலை நிக்கும்ண்ணே. சும்மா கத்துக்கல... உசுரு ஜாஸ்தி போயித்தான் கத்துக்கிட்டாங்க."

அரசாங்கங்களை ஆட்டிவைத்த கம்பெனி, பரங்கிப்பேட்டைப் பையன் ஒருவனின் ஒற்றைச் சொல்லுக்கு நின்றிருக்கிறது! பெரிய மனசா, பட்ட அடியா? எதுவானாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

உங்கள் ஆபீஸில் நாளைக்கே எழுந்து, "நிறுத்துங்க சார், எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள்.

நிச்சயம் நிறுத்துவார்கள்... உங்கள் இன்க்ரிமென்ட்டை!