நல்லா இருக்கேன் என்று சொன்ன சிலை

என் ஒரே மகள் சிலை செய்கிறவள். கோயில் சிலை இல்லை. பழைய அலுமினியப் பானை, ஒயர், மோட்டார் எல்லாம் சேர்த்து ஆள் உயரத்துக்குச் செய்வாள். உள்ளே கம்ப்யூட்டர் வைத்தால் அது தலையைத் திருப்பும், வாயைத் திறக்கும், கேட்டதற்குப் பதிலும் சொல்லும். ஏ.ஐ. என்பாள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். அவள் விளக்கும்போது தலையை ஆட்டிக்கொள்வேன்.

அவள் செராஸில், நான் கிள்ளானில். அவள் அப்பா போன பிறகு தினம் காலையில் விளக்கேற்றிவிட்டு அவளுக்குப் போனில் பேசி மெசேஜாக அனுப்புவேன். “பசியாறிட்டேன்மா. நல்லா இருக்கேன். எனக்கு முருகன் இருக்கான். நீ வேலையைப் பாரு.” பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வரும்.

ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். “அம்மா, உங்க மெசேஜ் ஒண்ணையும் நான் அழிக்கல. எல்லாத்தையும் சிலைக்குக் கொடுத்துட்டேன். உங்கள மாதிரியே பேசுது லா. பார்க்க வாங்க.”

அழிக்காமல் வைத்திருந்தாளே என்று மனசு குளிர்ந்துபோனது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வாம்மா என்று இந்த முறை கேட்டே விடவேண்டும் என்று கொமுட்டர் ரயிலில் போகும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் கண்காட்சி. கால் வலி. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். சிலை இருக்கிற இடமாயிற்றே என்று வாசலில் செருப்பைக் கழற்றினேன். எனக்குப் பின்னால் வந்த சீனக் கிழவரும் என்னைப் பார்த்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார்.

சிலைக்கு முன்னால் ஒரே கூட்டம். ஒரு பையன் கேட்டான், “ஆன்டி, எப்படி இருக்கீங்க?”

பானைத் தலை திரும்பியது. “எனக்கென்னப்பா, நல்லா இருக்கேன். முருகன் இருக்கான். நீ வேலையைப் பாரு.”

என் குரல். இழுவைகூட என்னுடையது. “செம ஸ்ட்ராங் லா இந்த ஆன்டி!” என்று அவன் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்கள் நகர்ந்த பிறகு நான் கிட்டப் போய்க் கேட்டேன். “கால் வலி எப்படி இருக்கு?”

“அதெல்லாம் போயிடுச்சும்மா. எனக்காக நீ அலையாத.”

மகள் கையில் ஸ்குரூடிரைவரோடு வந்து நின்றாள். “எப்படிம்மா? அப்படியே நீங்கதானே?”

“குரல் என்னுதுதான். சொல்றது உண்மை இல்ல.”

“அதுவா எதுவும் சொல்லாதும்மா. நீங்க அனுப்புனதுலேர்ந்துதான் எடுக்குது.”

“தெரியும். நான் அனுப்புனதுதான் உண்மை இல்ல. கால் இன்னும் வலிக்குது. பேச ஆளில்லாம சாமி படத்துக்கிட்ட குழம்புக்கு உப்பு பத்துமான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். வெள்ளிக்கிழமையாவது வாம்மா.”

அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது. அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ரெண்டடி போனவள் திரும்பி வந்தாள்.

“அம்மா, இப்ப சொன்னதையும் ஒரு மெசேஜா அனுப்புறீங்களா?”

வேலைக்காகக் கேட்டாளா, எனக்காகக் கேட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

“அனுப்ப மாட்டேன். வேணும்னா வீட்டுக்கு வந்து கேட்டுக்க.”

“சரிம்மா” என்றாள்.

மறுநாள் விளக்கேற்றியதும் கை தானாகப் போனை எடுத்தது. திரும்ப வைத்துவிட்டேன். மத்தியானம் பதறிப்போய் அவளே அழைத்தாள். “ஏன்மா மெசேஜ் வரல? உடம்புக்கு என்ன?” ஒண்ணுமில்ல என்று வாய்வரைக்கும் வந்தது. முருகா என்று விழுங்கிக்கொண்டு, “கால் வலிக்குது” என்றேன்.

இப்போது தினமும் அவள்தான் கூப்பிடுகிறாள். இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ரெண்டு பேருக்குச் சோறு வடிக்கிறேன். சனிக்கிழமை எனக்குப் பழைய சோறு.