இருபதாவது தகடு

க்ளெனிஸ் பார்ஜெட்டர் முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் நின்றுபோன வண்டிகளுக்குக் காது கொடுத்தவர். லெஸ்டரில் ஒரு சாலை உதவி நிறுவனத்தின் தொலைபேசி அறையில் வேலை. மழையிலும் பனியிலும் மாமியாரை வைத்துக்கொண்டு நடுரோட்டில் மாட்டியவர்கள் எல்லாம் அங்கேதான் கூப்பிடுவார்கள். கத்துகிறவரைக் கத்தவிட்டு, அழுகிறவரை அழவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"வண்டி நிக்கறதுக்கு முன்னாடி கடைசியா எதைத் தொட்டீங்க?"

பாதிப் பேருக்கு அதற்குமேல் மெக்கானிக் தேவைப்பட்டதில்லை. ஒரு பாதிரியார் எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் சோக் குமிழில் குடையை மாட்டிவைத்துவிட்டு, எஞ்சின் மூச்சுத் திணறுகிறது என்று ஒரே நாளில் மூன்று முறை கூப்பிட்டார். ஓய்வு பெற்ற அன்று அந்தக் கேள்வியை ஒரு கோப்பையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். க்ளெனிஸ் அதில்தான் இன்றும் டீ குடிக்கிறார்.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி ஐந்து நிமிடம். லிங்கன்ஷைரில், இரண்டு பக்கமும் கடுகு பூத்த ஒற்றைத் தடச் சாலையில், அவருடைய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் வருட மோட்டார்ஹோம், படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டி, இரண்டு முறை இருமி நின்றது. முந்நூறு கஜம் தள்ளி பழைய வண்டிகள் கூடும் ராலித் திடலின் கொடி தெரிந்தது. வறுத்த வெங்காய வாசனை கூட வந்தது. அவ்வளவு பக்கம்.

ஆறு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள்.

ராலியை நடத்தும் பழைய மோட்டார்ஹோம்காரர்கள் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் சொந்த எஞ்சினில் ஓடி உள்ளே வரும் வண்டிக்கு ஒரு பித்தளைத் தகடு. கயிறு கட்டி இழுத்தால் இல்லை, கையால் தள்ளினாலும் இல்லை. தொடர்ந்து இருபது வருடம் வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் முதல் வண்டியாகப் போவார். நடுவில் ஒரு வருடம் தவறினால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். க்ளெனிஸின் கதவைச் சுற்றிப் பத்தொன்பது தகடுகள் இருந்தன. இருபதாவதுக்கான இடத்தில் திருகுகளுக்கு ஓட்டை போட்டு வைத்து ஒரு வருடம் ஆகிறது. கணவர் கென்னத், "வாங்கறதுக்கு முன்னாடியே ஓட்டை போடறியே" என்று சிரித்தார். கென்னத்துக்கு ராலி ஆகாது. அவர் வீட்டில் மீன் தொட்டியோடு இருப்பார்.

க்ளெனிஸ் இறங்கி பானெட்டைத் திறந்தார். சத்தமில்லாமல் தனியாக ஐந்து நிமிடம் யோசித்திருந்தால் போதும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை.

"தொடாதீங்க! நான் வர்றேன்!"

திடலிலிருந்து ராலண்ட் டப் ஓடிவந்தார். எழுபது வயது, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். கையில் கருவிப்பெட்டி, அக்குளில் சுத்தமாக மடித்த ஒரு கிச்சன் துண்டு. அவருக்குப் பின்னால் ஆல்வின், முன்னாள் லாரி ஓட்டுநர். தோளில் நீலக் கயிறு.

"கண்ணு, இப்பவே கட்டிடவா?" என்றார் ஆல்வின்.

"அந்தக் கயித்த மடிச்சு உள்ள வை ஆல்வின். பார்த்தாலே அபசகுனமா இருக்கு," என்றார் க்ளெனிஸ்.

"இல்ல, கடைசி நேரத்துல தேடக்கூடாதேன்னு..."

"நீ பதிமூணாவது வருஷத்துல கயித்துல வந்தவன். இப்ப உனக்கு எத்தனை?"

"நாலு," என்றார் ஆல்வின், கொஞ்சம் குரல் இறங்கி. கயிறு மட்டும் தோளிலேயே இருந்தது.

ராலண்ட், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்தார். "வறண்டு கெடக்கு. கார்புரேட்டருக்குள்ள மிதவை ஊசி ஒட்டிக்கிச்சு. பெட்ரோல உள்ள விடல."

"பம்ப்புதான்," என்றார் ஆல்வின். "இந்தச் சூட்டுல குழாய்க்குள்ள பெட்ரோல் ஆவியாயிடுச்சு. ஈரத்துணி சுத்தினா சரியாயிடும்."

"ஈரத்துணி! உன் வண்டிக்கு ஜுரம்னாலும் ஈரத்துணி, சளின்னாலும் ஈரத்துணி."

"நான் என்ன நினைக்கறேன்னா..." என்று க்ளெனிஸ் ஆரம்பித்தார்.

"நீங்க உக்காருங்க," என்றார் ராலண்ட். "நாங்க இருக்கோம்ல."

சொல்லி முடிப்பதற்குள் நிஜமாகவே ஒரு மடக்கு நாற்காலி வந்து அவர் முழங்காலுக்குப் பின்னால் முட்டியது. இன்னொருவர் வண்டிக்குள்ளிருந்து அவருடைய கோப்பையை எடுத்து டீ ஊற்றிக் கொடுத்தார். ஐந்தே காலுக்குள் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். இந்தக் கூட்டத்தின் குணமே அதுதான். ஒரு பானெட் திறந்தால் போதும், அடுப்பில் வைத்த சாசேஜை அப்படியே விட்டுவிட்டு வருவார்கள். கார்ன்வாலில் நடந்த ராலியில் முன்பின் தெரியாத ஒருத்தருக்காக ஆல்வின் தன் டைனமோவையே கழற்றிக் கொடுத்துவிட்டு ரயிலில் வீட்டுக்குப் போனார். இவர்களிடையே எதையும் கேட்கலாம். மூட்டு வலி, மகனின் விவாகரத்து, கழிப்பறைத் தொட்டியின் அளவு, எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கும். ஒன்றை மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. பழைய வண்டிகளைத் திருடுவது சுலபம் என்பதால், பெட்ரோல் குழாயில், பெட்ரோலை நிறுத்த ஆளுக்கொரு வால்வை யார் கண்ணுக்கும் படாத இடத்தில் பொருத்தியிருப்பார்கள். அது எங்கே, எப்போது மூடுவாய், எப்போது திறப்பாய் என்று கேட்பது, பீரோ சாவியை எங்கே வைக்கிறாய் என்று கேட்பது மாதிரி. கேட்டவர் முகத்தில் யாரும் முழிக்க மாட்டார்கள்.

ஐந்து இருபதுக்கு ராலண்ட் கிச்சன் துண்டைத் தார்ச்சாலையின் மேல் விரித்தார். கார்புரேட்டர் அதன் மேல் துண்டு துண்டாக இறங்க ஆரம்பித்தது. ஸ்ப்ரிங், ஊசி, வாஷர், மூடி, குட்டிக் குட்டித் திருகுகள். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி வகுப்பு எடுத்தார்.

"கவனிங்க, இதுதான் மெயின் ஜெட். பெட்ரோல் பீச்சற ஓட்டை."

"ராலண்ட், மணி ஐஞ்சு இருபத்தாறு," என்றார் க்ளெனிஸ்.

"அவசரம்தான் எல்லாத்தையும் கெடுக்குது."

க்ளெனிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார வைத்தார்கள். மறுபடி எழுந்தார். கேக் கொடுத்தார்கள். அவருடைய சொந்த வண்டிக்கும் அவருக்கும் நடுவில் பதினைந்து முதுகுகள் சுவர் மாதிரி நின்றன. எல்லாம் அன்பான முதுகுகள். ஒரு முதுகையாவது பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. தெரியாத ஆள் என்றால் திட்டி விரட்டலாம். சாசேஜை விட்டுவிட்டு வந்தவரை என்னவென்று திட்டுவது?

ஐந்தரைக்கு வாசலிலிருந்து நெஸ்டா நடந்து வந்தார். வேல்ஸ்காரி, க்ளெனிஸுக்குப் பத்து வருடத் தோழி, வாசல் பொறுப்பு அவருடையது. கையில் அட்டை, அட்டையில் பெயர்ப் பட்டியல், பட்டியலில் டிக் விழாத ஒரே பெயர் பார்ஜெட்டர்.

"நெஸ்டா, ஒரு பத்து நிமிஷம்..."

"கேக்காதடி. அப்புறம் நான் முடியாதுன்னு சொல்லணும், நீ மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவ."

"நான் கேக்கவே இல்லையே."

"சரி. பால் வாங்கினியா? மத்தியானம் மெசேஜ் போட்டேனே."

"வாங்கிட்டேன். ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

சொல்லிவிட்டு க்ளெனிஸ் அப்படியே நின்றார்.

பால். முக்கால் மைல் பின்னால், கிராமத்துக் கடையில் வாங்கியது. வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினார். இறங்கினார். பூட்டினார். பூட்டுவதற்கு முன்னால் எதைத் தொட்டார்?

அந்த வால்வை. இருபத்தோரு வருடப் பழக்கம். இறங்கும்போது கை தானாகப் போய் மூடிவிடும், ஏறும்போது கை தானாகப் போய்த் திறந்துவிடும். இன்று ஏறும்போது ஒரு கையில் பால், இன்னொரு கையில் இஞ்சி கேக். திறக்கவில்லை. கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோலில் வண்டி முக்கால் மைல் ஓடி, கொடி தெரியும் இடத்துக்கு வந்து நின்றிருக்கிறது.

கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். கேள்வி அதிலேயே இருந்தது. ஒரு லட்சம் பேரையாவது கேட்டிருப்பார். தன்னைக் கேட்க இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கிறது, அதுவும் நெஸ்டா கேட்ட பாலால்.

வால்வைத் திறக்க மூன்று விநாடி போதும். திறந்து என்ன செய்ய? கார்புரேட்டர் கிச்சன் துண்டின் மேல் கிடந்தது.

"ராலண்ட், போதும். சுத்தமாயிடுச்சு. மாட்டிடுங்க."

"இன்னும் ஜெட்ட ஊதலையே."

"ஊதவேண்டாம்."

"ஊதாம மாட்டினா, பாதி வேலை செஞ்ச மாதிரி ஆயிடும்."

உண்மையைச் சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது. அப்போது ஆல்வின் கூட்டத்தைப் பார்த்து, "ஏம்ப்பா, நம்ம டெலிபோன் அம்மாவுக்கே வண்டி நின்னா அவங்க யாருக்குப் போன் பண்றது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாய் மூடிக்கொண்டது.

பிறகு க்ளெனிஸ் தொலைபேசி அறைக் குரலை எடுத்தார். உயராத, அவசரமில்லாத, மறுவார்த்தை பேசவிடாத குரல்.

"ராலண்ட். நான் சொல்றத மட்டும் கேளுங்க. முதல்ல ஊசி. போட்டாச்சா? நல்லது. அடுத்து மிதவை. சரி. இப்ப மூடி. பேசவேண்டாம், மாட்டுங்க. ஆல்வின், நீ குழாயப் பிடி. கயித்தக் கீழ போட்டுட்டுப் பிடி."

வேதியியல் ஆசிரியர் மாணவனைப் போல மாட்டினார். ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கடைசி நட்டு இறுகியது. க்ளெனிஸ் ஏறி உட்கார்ந்தார். ஜன்னல்கள் முழுக்கப் பதினைந்து முகங்கள்.

"எல்லாரும் பின்னாடி போய், புகைக்குழாயில புகை கறுப்பா வருதா வெளுப்பா வருதான்னு பாருங்க. முக்கியம்."

முக்கியம் என்றதும் பதினைந்து பேரும் பின்னால் ஓடினார்கள். கை போகவேண்டிய இடத்துக்குப் போனது. அந்த இடம் கென்னத்துக்கே தெரியாது. வால்வு திரும்பியது. சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் முனகியது. இன்னொரு முறை. காலிக் குழாய் நிரம்ப நேரம் எடுக்கும் என்று தெரியும். மூன்றாவது முறை. பாட்டரி களைத்தது. நான்காவது முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"வெளுப்பு!" என்று பின்னாலிருந்து பத்துப் பேர் கத்தினார்கள்.

ராலண்ட் வண்டிக்கு முன்னால், சாமி ஊர்வலத்துக்கு வழிவிடுகிறவர் போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடந்தார். அவர் நடையில்தான் போக முடிந்தது. ஹாரன் அடிக்கலாமா என்று க்ளெனிஸ் இரண்டு முறை யோசித்தார். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு முன்சக்கரங்கள் வாசலைத் தாண்டின. நெஸ்டா டிக் போட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து தகட்டை எடுத்துக் கொடுத்தார்.

கைதட்டல் எழுந்தது. முழுக்க ராலண்டுக்கு.

"ஊசிதான்! பார்த்தவுடனேயே சொன்னேன்ல!"

ஏழு மணிக்குள் அந்தக் கதையை மூன்று முறை சொல்லிவிட்டார். மூன்றாவது முறையில் ஊசி துருப்பிடித்திருந்தது. மேசையின் மறுமுனையில் க்ளெனிஸ் ஆறிப்போன சாசேஜைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை. பக்கத்தில் நெஸ்டா டீயில் பாலை ஊற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"போன வருஷம் எனக்கும் ராலண்ட்தான் கார்புரேட்டரக் கழட்டினார்."

"அப்படியா?"

"நானும் கடைக்குப் போயிட்டுதான் வந்தேன்."

அவ்வளவுதான் பேச்சு. க்ளெனிஸுக்கு அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. அப்படியென்றால் ஐந்தரை மணிக்கு அந்தப் பால் கேள்வி, தெரிந்தே கேட்டதா? நெஸ்டா கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே தகட்டை மாட்டிவிடலாம் என்று க்ளெனிஸ் எழுந்தார். இரண்டு ஓட்டை தயாராக இருந்தது. வருடம் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்த இரண்டு திருகில் ஒன்றைக் காணவில்லை. திரும்பி மேசைக்கு வந்தார்.

"யார்கிட்டயாவது சின்னத் திருகு ஒண்ணு இருக்கா?"

"இருக்கே!" ராலண்ட் மகிழ்ச்சியோடு கால்சட்டைப் பையில் கைவிட்டார். "பித்தளைதான். தகடும் பித்தளை, ஜோடியாப் போயிடும். இந்தாங்க."

க்ளெனிஸ் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். புத்தம் புதிதாகத் துடைத்திருந்தது. லேசாகப் பெட்ரோல் வாசனை அடித்தது.

"ராலண்ட். இது என் கார்புரேட்டர் மூடியோட திருகு."

ராலண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அட, ஆமா."

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். முதல் வண்டி. மூடி தளர்ந்து, பெட்ரோல் கசிந்து.

"பரவாயில்ல," என்றார் க்ளெனிஸ், தொலைபேசி அறைக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக. "நாளைக்குக் காலையில நானே மாட்டிக்கறேன். நான் மட்டும். யாரும் வரவேண்டாம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலிகள் புல்லில் உரசின. ஆல்வின் விளக்கை எடுத்துவர எழுந்தார், இன்னும் நான்கு பேர் கருவிப்பெட்டிக்காக எழுந்தார்கள். ராலண்ட் ஏற்கெனவே கிச்சன் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.