சுக்கான் பிடிக்க ஒரு பெண்

படகுக் கழகத்தில் துடுப்புப் போடுவதைவிடக் கஷ்டமான உத்தியோகம் ஒன்று உண்டு: கரையில் நின்று கை தட்டுவது.

எங்கள் சர்வகலாசாலைப் படகுக் கழகத்தின் சரித்திரத்தை ஆண்கள் எழுதினால் ஜெயித்த பந்தயங்களைப் பற்றி எழுதுவார்கள். ஜெயித்தவர்களுக்கு எலுமிச்சம்பழ சர்பத் கலக்கின கட்சியிலிருந்து நான் எழுதுகிறேன். கரையில் நின்று கால் வலித்த சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

முதுகு காட்டும் வீரர்கள்

அடையாற்றங்கரைக்குப் போன முதல் நாளே சண்டை. நாலு ஆண்பிள்ளைகள் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்புப் போட்டார்கள். "எங்கே போகிறோமென்று திரும்பிக்கூடப் பார்க்காதவர்களா பெண்கள் படகில் ஏறக்கூடாது என்று சட்டம் போடுவது?" என்றேன். கேப்டன் சேஷாத்திரி மயிலாப்பூரில் எங்கள் தெருக்காரன், வக்கீல் பிள்ளை. அவன் சிரித்தான்.

"பாக்கறதுக்குத்தான் சுக்கான் பிடிக்கறவன் இருக்கானே, ராஜம்! அவனுக்குத் துடுப்பு வேண்டாம், பலம் வேண்டாம். உடம்பு லேசா இருக்கணும், வாய் பலமா இருக்கணும்."

விறகுத்தொட்டியில் பரீட்சை

அந்த வார்த்தையை நான் விடவில்லை. துடுப்பும் பலமும் வேண்டாத வேலைக்கு மீசை மட்டும் எதற்கு? கமிட்டியில் கேட்டேன். டிராமில் கேட்டேன். சேஷாத்திரியின் அக்கா கல்யாணத்தில், அவன் ரசம் பரிமாற வந்தபோதும் கேட்டேன். கடைசியில், சுக்கான் பிடிக்கிறவன் ஜுரத்தில் படுத்துவிடவே, "இந்தப் பந்தயத்துக்கு மட்டும் ஒரு பெண். அதுவும் லேசான பெண்ணாக" என்று இறங்கி வந்தார்கள்.

எடை பார்க்க, கட்டை நிறுத்து விற்கும் பக்கத்து விறகுத்தொட்டிக்குப் போனோம். துணைக்கு வந்தவள் என் வகுப்புத் தோழி லில்லி, சாந்தோம் வாத்தியார் மகள். படகைப் பற்றி அவள் அதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை. தராசின் ஒரு தட்டில் நான் ஏறினேன். வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தவளைச் சேஷாத்திரி சும்மா எதிர்த்தட்டில் உட்காரச் சொன்னான். என் தட்டு தரையில் போய் உட்கார்ந்தது. அவள் ஆகாயத்தில் ஆடினாள். தொட்டிக்காரர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, இது சமமாவணும்னா அந்தப் பொண்ணு மடில ஒரு மணங்கு சவுக்குக் கட்டை வெக்கணும் போலக்கீதே!"

கத்தாத வாய்

சுக்கான் லில்லிக்குப் போனது. அவளுக்கு வாய் பலமில்லை என்று மறுநாளே ஆட்சேபித்தேன். உண்மைதான், அவள் கத்தவில்லை. மெல்லச் சொன்னாள், நாலு பேரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். வளைவில் படகு வெண்ணெயில் கத்தி போலத் திரும்பியது. சர்பத்தில் சர்க்கரை போட மறந்தேன். படகு சேற்றில் செருகட்டும் என்று கபாலீசுவரரிடம் நான் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொண்டால் என்ன என்று யோசித்தேன், அவ்வளவுதான். பயிற்சி முடிந்து வந்த சேஷாத்திரி ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"புளிக்கறதே, ராஜம்! சர்பத்தா, நீயா?"

ஜெயித்தவர்களின் சம்பிரதாயம்

பந்தயத்தில் ஜெயித்தோம். ஜெயித்தார்கள் என்று எழுத வேண்டும். ஜெயித்தால் சுக்கான் பிடித்தவனைத் தூக்கி ஆற்றில் போடுவது கழகத்தின் சம்பிரதாயம். லில்லியை யார் தூக்குவது? நாலு பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். கழகத் தலைவர் தொண்டையைச் செருமினார். "தண்ணீரில் போட முடியாதவர்களைப் படகில் ஏற்றியதே பிசகு. இனிமேல் பெண்கள் வேண்டாம்."

விடுவேனா? பொறாமை இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. சம்பிரதாயம் பெரிதா, நியாயம் பெரிதா என்று ஆரம்பித்து மூன்றாவது பாயிண்டுக்கு வந்திருப்பேன். பின்னால் 'தொபீர்' என்று சத்தம். லில்லி தானாகவே குதித்துவிட்டாள்! கடலோரத்தில் வளர்ந்தவள், மீன் மாதிரி மேலே வந்தாள். கரை முழுக்கக் கைதட்டல். தலைவரும் தட்டினார், வேறு வழியில்லை. அடுத்த வருஷமும் அவள்தான் என்று சேஷாத்திரி அங்கேயே கூவினான். லில்லி என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"வாதம் முடிஞ்சுதாடி ராஜம்? முடிஞ்சிருந்தா கை குடு, புடவை கனக்குது!"

ஆக, எங்கள் கழகத்தின் சரித்திரத்தில் படகேறிய முதல் பெண் லில்லி, அவளைக் கரையேற்றிய முதல் பெண் நான்.