மலிவு போர்டில் ஓடிய லாரி

அவர் லாரி டிரைவர். யாரையும் அவசரப்பட்டு முந்தமாட்டார் என்பதால் கம்பெனியில் ‘பொறுமை அண்ணன்’ என்றே கூப்பிடுவார்கள். இடது கண்ணில் நரம்பு கெட்டு, பார்வை மெல்ல மெல்லப் போய்விட்டது. இனி லைசென்ஸ் கிடைக்காது என்று டாக்டர் கையை விரித்தார். கம்பெனி அவரைக் கைவிடவில்லை. பார்சல் கவுண்டரில் உட்காரவைத்தது.

வீட்டில் அவர் பேச்சு குறைந்தது. தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றுவார். ஒற்றைக் கண்ணுக்கு எது கிட்டே, எது தள்ளி என்று பிடிபடவில்லை. தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் மட்டும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். மனைவி அதைக் கவனித்தாள்.

அவள் துணிகளை ஆல்டர் செய்து கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தாள். பேண்ட் உயரம் குறைக்க வந்த கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் ஒருநாள் கேட்டாள்: “லாரி ஓட்டுற கேம் இருக்காமே, அதுக்கு என்னெல்லாம் வேணும்?”

“ரெடிமேடா வாங்கினா கை சுடும்க்கா. இருக்கறதுலயே மலிவான மதர்போர்டு தரேன். மினுக்குற லைட்டெல்லாம் கிடையாது, ஆனா உழைக்கும். கிராபிக்ஸ் கார்டு மட்டும் செகண்ட் ஹேண்ட். நீங்களே பூட்டிக்கலாம்.”

“மதர்போர்டுன்னா?”

“எல்லாத்தையும் சேத்துப் பிடிச்சிக்கிற பலகைக்கா. வீட்டுல நீங்க மாதிரி.”

“அப்ப மலிவாத்தான் இருக்கும்,” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை தரையில் போர்வை விரித்து, வாங்கிவந்த பாகங்களைப் பரப்பி இருவரும் உட்கார்ந்தார்கள். திருப்புளியை அவர்தான் முதலில் எடுத்தார். திருகாணி துளைக்குப் பக்கத்திலேயே போய்ப் போய் நின்றது. அவளிடம் கொடுத்துவிட்டு, கையேட்டை எடுத்துக்கொண்டார். அவர் படிக்கப் படிக்க அவள் பூட்டினாள்.

“மெமரியை அழுத்து. கிளிக்குன்னு கேக்கணுமாம்.”

“உடைஞ்சிடப் போகுதுங்க.”

“ஜிப்பு போடுற கை, இதுக்கா பயப்படுது?”

கிளிக்கென்று கேட்டது. பொத்தானை அமுக்கியதும் பெட்டிக்குள் காற்றாடி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. வயர்களை எடுத்து எடுத்துச் சொருகியும் பலனில்லை. அவர் முகம் இருண்டது.

“எனக்கு எதுக்கு இந்த வேஷம்? கண்ணு போனவனுக்கு கேம் ஒரு கேடு.”

“போனது ஒரு கண்ணு. வாய் நல்லாத்தான் இருக்கு. நாளைக்குக் கடைக்குக் கிளம்புங்க.”

மறுநாள் பெட்டியைப் போர்வையில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுபோனார்கள். காய்ச்சல் பிள்ளை என்று நினைத்து ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். இல்லை என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.

கடைக்காரர் தன் திரையின் வயரைச் சொருகிய வேகத்தில் படம் பளிச்சென்று வந்தது.

“வீட்டுல மானிட்டர் வயரை எதுல சொருகினீங்க?”

“மேல இருக்கற துளையில.”

“அது போர்டோடது. உங்க பிராசஸருக்குத் தனியா படம் காட்டத் தெரியாது. கீழ, கிராபிக்ஸ் கார்டுல சொருகணும்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “காய்ச்சல் பிள்ளைக்கு ஒண்ணுமில்லையாம்டி!” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து அவளுக்கு எத்தனையோ மாதமாகியிருந்தது.

அன்று மாலை திரையில் மழை பெய்த ஒரு நெடுஞ்சாலையில் லாரியை எடுத்தார். விசைப்பலகை விரலுக்குப் பழகும்வரை இரண்டு முறை பள்ளத்தில் இறங்கினார். பிறகு வண்டி வசத்துக்கு வந்தது. வளைவு, பாலம், முன்னால் போகும் கார் எதிலும் தூரம் தப்பவில்லை. சட்டென்று நிறுத்தினார்.

“இங்க வா. ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாரு.”

அவள் மூடிப் பார்த்தாள். “ஒரு வித்தியாசமும் இல்லையே.”

“அதான். திரை தட்டையா இருக்கு. இதுல உனக்கும் எனக்கும் ஒரே பார்வைதான்.”

அவள் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் கம்பெனிக்குப் பரவியது. டிரைவர்கள் காசு போட்டு ஒரு பழைய கேம் ஸ்டியரிங் வாங்கித் தந்தார்கள். லீவு நாளில் வருவார்கள். போன வாரம், தினமும் நிஜ லாரி ஓட்டும் ஒருவர் கேமில் லாரியைப் பின்னால் எடுக்கப்போய்க் கேட்டை இடித்துவிட்டார்.

“அண்ணே, கேட்டு எங்கிருந்து வந்துச்சு?”

“அது அங்கதான்ப்பா இருந்துச்சு. இப்ப இடப்பக்கம் ஒடி… இன்னும் கொஞ்சம்… வரட்டும், வரட்டும்,” என்று பொறுமை அண்ணன் எழுந்து நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்.