முட்டை அவிக்கும் பெட்டியில் புட்டு

எண்பதுகளின் நடுப்பகுதியில், இலங்கையிலிருந்து போன எங்களுக்கு டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் கிடைத்தது ஒரேயொரு அறை. சமையலறை இல்லை. கர்ப்பமாயிருந்த எனக்குக் காலையில் பாண் ரொட்டியைக் கண்டாலே குமட்டும். ஒருநாள் கணவர் என்னை மின்சாதனக் கடைக்கு அழைத்துப் போனார்.

பாண் வாட்டி, கோப்பி போட்டு, முட்டையும் பொரிக்கும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது.

"இதை எடுப்பம். எங்கை இடம் மாறினாலும் தூக்கிக்கொண்டு போகலாம்," என்றார்.

என் கண்ணோ பக்கத்திலிருந்த சின்ன முட்டை அவிக்கும் பெட்டியில்.

"இஞ்சாருங்கோ, அடியிலை தண்ணி, மேலை மூடி. இதிலை புட்டும் அவியுமெல்லோ?"

அவர் அரைகுறை டேனிஷில் கடைக்காரப் பெண்ணிடம் கேட்டார். புட்டு என்றால் அவளுக்கு என்ன தெரியும்? "கொண்டுவந்து இங்கேயே அவித்துப் பாருங்கள்," என்று சிரித்தாள்.

மறுநாள் ஊரிலிருந்து கொண்டுவந்த வறுத்த அரிசிமாவைக் குழைத்து, தேங்காய்ப்பூ கலந்து கொண்டுபோனேன். துளைத் தட்டில் துணி விரித்து, மாவைப் போட்டு மூடினேன். பொருள் வாங்க வந்தவர்களும் சுற்றி நின்றார்கள். ஆவி கிளம்பியது. மூடியைத் திறந்ததும் அந்த மணம்! சீனி தூவி எல்லோருக்கும் கொடுத்தேன். கடைக்காரப் பெண் மென்று விழுங்கிவிட்டு மறுபடி கை நீட்டினாள்.

"ஓமப்பா, நீர் சொன்னதுதான் சரி," என்று கணவர் அந்தப் பெட்டியையே வாங்கினார்.

அன்று நானும் வயிறாரச் சாப்பிட்டேன். இந்த ஊரிலேயே பிள்ளையைப் பெற்று வளர்க்கலாம் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அந்தக் கடையில்தான்.