ஒரே மாத்திரை, இரண்டு மாப்பிள்ளைகள்

போன மாதம் வாலிகண்டபுரத்தில் மாமியார் வீட்டில் ஒரு காதுகுத்து. மச்சினன் மகளுக்கு. கிடா வெட்டி, பந்தி முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம்.

முன்பெல்லாம் இந்த நேரத்தில் வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். இப்போது என்ன சுற்றி வருகிறது தெரியுமா? பிபி மெஷின்!

மாமியாருக்காக மச்சினன் வாங்கி வைத்தது. ஆனால் விசேஷம் என்றால் அது எல்லோருக்கும் பொது. ஒருவர் கையிலிருந்து கழற்றி அடுத்தவர் கையில் பட்டையைச் சுற்றுவார்கள். பொத்தானை அமுக்குவார்கள். மச்சினன் நம்பரைச் சத்தமாக வாசிப்பான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மாதிரி ஒரு கூட்டம், ஒரு கைதட்டல்.

முதலில் உட்கார்ந்தவர் என் சகலை ராஜேந்திரன். என் மனைவி மங்கையின் அக்காவைக் கட்டியவர். என் வயதுதான் அவருக்கும்.

"நூத்தி இருவது, எம்பது!" என்றான் மச்சினன்.

"பெரிய மாப்ளைக்கு என்ன கொறச்சல்? கல்லு மாதிரி இருக்காரு. மாப்ளைன்னா இவருல்ல மாப்ள!" என்றார் மாமியார்.

அடுத்து என் முறை. எனக்கு அந்த வீட்டில் ஒரு பெயர் இருக்கிறது. பிபி மாப்பிள்ளை. நான் கூச்சப்பட்டுக்கொண்டே கையை நீட்டினேன். மெஷின் உறுமியது... நின்றது.

"நூத்தி எழுவத்தாறு, நூத்தி நாலு."

யாரும் கைதட்டவில்லை.

"பேட்டரி போயிடுச்சோ?" என்றது ஒரு குரல்.

"பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல. பிபி மாப்ளதான் ஃபுல் சார்ஜ்ல இருக்காரு" என்றார் சகலை. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

உங்களிடம் மறைக்க மாட்டேன். எனக்கு அந்த ஆள் மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததல்ல, கல்யாணமான வருஷத்திலிருந்தே. நான் மாமியார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாராவது 'வாங்க' என்று சொல்லும்வரை நின்றுகொண்டிருப்பேன். அவர் நேராக அடுப்படிக்கே போய், "அத்தை, என்ன கொழம்பு?" என்பார். அவர் குரல் மேல் பொறாமை, சிரிப்பு மேல் பொறாமை, தலையில் இன்னும் கறுப்பாக இருக்கும் முடி மேல் பொறாமை.

ஆனால் அடுத்தவனுடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் படுகிறேன்.

அன்று பந்தியிலேயே அது ஆரம்பித்துவிட்டது. சகலையின் இலையில் எலும்போடு கறி, மேலே குழம்பு, ஓரத்தில் ஊறுகாய், நடுவில் அப்பளம். எனக்கு மட்டும் உள்ளேயிருந்து ஒரு தூக்குவாளி வந்தது. "அத அங்க வெக்காத, அது பிபி மாப்ளைக்கு!" என்று மாமியார் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். உப்பில்லாத பருப்பு. பக்கத்து இலையில் சகலை "இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க அத்தை" என்கிறார். இவருக்கு நூற்றி இருபது. பருப்பு தின்கிற எனக்கு நூற்றி எழுபத்தாறு. இதில் என்ன நியாயம்?

வெறும் வயிற்றெரிச்சல் என்றால் எழுதியிருக்கவே மாட்டேன். விஷயம் வேறு.

நான் அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் எடைமேடையில் வேலை பார்க்கிறேன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கான்ட்ராக்ட் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை மெடிக்கல் டெஸ்ட்டில் தேறினால்தான் கேட் பாஸ். அதே ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் டிப்பர் லாரிதான் சகலை ஓட்டுவது. காதுகுத்துக்குச் சில நாள் முன்னால் அவர் டெஸ்ட்டுக்குப் போனார், இரண்டு நிமிஷத்தில் பாஸோடு வந்தார். என்னை, "பிபி ரொம்ப இருக்கு, வைத்தியம் பார்த்துட்டு அடுத்த மாசம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கான்ட்ராக்டர் நல்ல மனுஷர். "அண்ணே, பழைய பாஸ்ல ஒரு மாசம் தள்ளிடலாம். இன்னொரு தடவ திரும்பி வந்தீங்கன்னா வேற ஆளத்தான் போட்டாவணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். பெண் பெரம்பலூரில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பத்தாவது படித்த எனக்கு இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

இத்தனைக்கும் என் பிபி எப்போதும் ஏறியே இருப்பதும் இல்லை. ஒரு நாள் நூற்றிப் பதினெட்டு. மூன்றாம் நாள் நூற்றி எழுபது. மறுநாள் நூற்றி முப்பது. கிணற்றில் விட்ட வாளி மாதிரி மேலே, கீழே. எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று தெரியாத ஒன்றை உடம்புக்குள் வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி நிம்மதியாகத் தூங்குவான்?

சரி, காதுகுத்துக்கு வருவோம். சாயங்காலம் காபி குடித்த பிறகு மறுபடி மெஷின் வந்தது. சகலை கையை நீட்டினார். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பட்டை இறுகும் நேரம் பார்த்து, மெதுவாக, "சகல, வெளிய உங்க புது வண்டியில ஏதோ கீறல் வுழுந்த மாதிரி இருக்கு" என்றேன்.

கீறலும் இல்லை, ஒன்றும் இல்லை. அதிர்ந்துகூடப் பேசாத மனுஷன் திட்டம் போட்டுச் சொன்ன முதல் பொய்.

மெஷின் நின்றது. நூற்றி இருபத்தி இரண்டு, எண்பது.

இரண்டு பாயிண்ட்! இத்தனை வருஷப் பொறாமைக்கு நான் சாதித்தது அவ்வளவுதான்.

சகலை வண்டியைப் பார்க்க எழுந்து போனார். போனவர் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். வண்டிப் பக்கம் ஆளில்லை. கொல்லைப்புறம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், ஒரு சொம்பும் கையுமாக, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியது பாருங்கள்... ஆஹா, குடிக்கிறார்! கல்லு மாதிரி மாப்பிள்ளை கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து குடிக்கிறார்! பூனை மாதிரி போனேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்தார். அட்டையைப் பார்த்தேன். நீல எழுத்து, வெள்ளி அட்டை. என் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே அட்டை.

"சகல... இது பிபி மாத்திரையில்ல?"

அவருக்குப் புரை ஏறிவிட்டது. "உஸ்ஸ்! மெதுவா பேசுங்க சகல. அத்தை காதுல வுழுந்துடப் போவுது."

"எத்தன நாளா?"

"ஏழு வருசமா. காலைல கெளம்புற அவசரத்துல இன்னைக்கு வுட்டுட்டேன். அதான் இப்ப."

"அப்ப அந்த நூத்தி இருவது?"

"இதத் தெனம் போடறதாலதான் நூத்தி இருவது, இன்னைக்கு லேட்டானாலும் நேத்து வரைக்கும் போட்டது காப்பாத்துது. பின்ன, தானா வருமா?"

எனக்குத் தலை சுற்றியது. பிபியால் இல்லை. "எனக்கும் இதே மாத்திரதான் குடுத்திருக்காங்க. எனக்கு மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?"

"தெனம் போடறீங்களா?"

"ஏறுனா போடுவேன். ரொம்ப ஏறுனா ரெண்டு. நம்பர் சரியா இருந்தா எதுக்குப் போடணும்?"

சகலை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஏங்க சகல, நான் சுரங்கத்துலேருந்து லோடு ஏத்திக்கிட்டு வரேன். எறக்கத்துல மட்டும் பிரேக் போதும்னு, சமதரையில அத கழட்டி வச்சுட்டு ஓட்டுனா, என் வண்டிய உங்க எடைமேடைக்கு வுடுவீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. நான் செய்தது என் தொழில் புத்தி. எடைமேடையில் லாரி ஏறும். ஓவர்லோடு என்றால் கொஞ்சம் கல்லை இறக்கிவிட்டு வரச் சொல்வேன். அளவுக்குள் இருந்தால் 'போ' என்பேன். அதே கணக்கை என் உடம்பிலும் போட்டிருக்கிறேன். நம்பர் ஏறினால் மாத்திரை, இல்லாவிட்டால் சும்மா போ! இருபது வருஷம் எடை போட்டவனுக்குத்தான் இப்படி ஒரு முட்டாள்தனம் வரும்.

"இத ஏன் சகல மறைக்கிறீங்க?" என்றேன்.

அவர் சொம்பைக் கவிழ்த்தார். "அத்தை ஆரம்பத்துலயே ஊரு பூரா சொல்லிட்டாங்க, பெரிய மாப்ள கல்லு மாதிரின்னு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? உங்களுக்கென்ன! பிபின்னு சொன்னீங்க, தனியா பருப்பு வந்துச்சு. நான் அந்த உப்புக் கொழம்ப வழிச்சுத் தின்னுட்டு 'இன்னும் ஒரு கரண்டி'ன்னு வேற கேக்கணும். அந்தத் தூக்குவாளி உங்களுக்கு வரப்பல்லாம் எனக்கு எவ்ளோ பொறாமையா இருக்கும் தெரியுமா?"

அந்த ஆளுக்கு... என்மேல்... பொறாமை! இதைக் கேட்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன். உப்பில்லாத பருப்புகூட அந்த நிமிஷம் இனித்தது.

(இதை எழுத சகலையிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். மாமியார் பத்திரிகை படிப்பதில்லை.)

மறுநாளே அரியலூரில் எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மாவிடம் போனேன். அவர் ஒவ்வொரு முறையும் "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்பார். நான் கூச்சத்தில் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் உரையாடல். இந்த முறை மிச்சமிருந்த அட்டைகளை எல்லாம் அப்படியே மேஜையில் வைத்துவிட்டேன்.

பார்த்தார். "இது போன தடவையே தீர்ந்திருக்கணுமே?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

திட்டினார். நன்றாகவே திட்டினார். "போட்டதாலதான் சரியா இருக்கு. சரியா இருக்குன்னு நீங்களே நிறுத்தலாமா? ஏறிடுச்சுன்னு நீங்களே ரெண்டு போடலாமா? ஏறி எறங்குறதே இதனாலதான் இருக்கும். தெனம் ஒண்ணு, ஒரே நேரத்துல. நெஞ்சு வலி, வாய் குழறுறது, கை கால் மரத்துப்போறது... இப்படி ஏதாச்சும் வந்தா மெஷினைப் பார்த்துக்கிட்டு உக்காராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பிறகு, "வீட்ல எப்படிப் பார்க்கறீங்க?" என்றார்.

"வேலைலேருந்து வந்ததும் பார்ப்பேங்க. வண்டிய நிறுத்திட்டு, மங்கைகிட்ட அன்னிக்கு நடந்தத சொல்லிக்கிட்டே..."

"அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரணும். முதுகு சாய்ஞ்சு, கால் ரெண்டும் தரையில. பேசக்கூடாது. அதுக்கப்புறம்தான் அளக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. ரெட்டிபாளையம் ரோட்டில் எங்கள் ஆலைக்கு வரும் ஒவ்வொரு லாரிக்காரனிடமும் நான் தினமும் என்ன கத்துகிறேன்? "இன்ஜின ஆஃப் பண்ணு! கீழ எறங்கு! நம்பர் நிக்கட்டும்!" இன்ஜின் ஓடினால் எடை நிற்காது என்று தெரிந்தவன், தன் உடம்பை மட்டும் இன்ஜின் ஓட ஓட அளந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரை. மங்கை தண்ணீரோடு வந்து நின்றுவிடுவாள். "வாயத் தொறந்து காட்டுங்க" என்கிற அளவுக்குக் காவல்! ஒரு மாதத்தில் வாளியின் ஆட்டம் மெல்ல அடங்கியது.

இந்தச் செவ்வாய்க்கிழமை மெடிக்கல் டெஸ்ட். வெயிலில் நடந்து உள்ளே போனதும், நர்ஸ் பட்டையை நீட்டினார். பழைய நான் என்றால் அப்படியே கையைக் கொடுத்திருப்பேன். அன்று எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ...

"ஒரு அஞ்சு நிமிசம் உக்காந்துக்கட்டுங்களா? நம்பர் நிக்கட்டும்."

நர்ஸ் சிரித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். அந்த ஐந்து நிமிஷத்தில் பெண்ணின் காலேஜையும் நினைக்கவில்லை, கான்ட்ராக்டரையும் நினைக்கவில்லை. சகலையையும் நினைக்கவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம்.

நூற்றி முப்பத்தி நாலு, எண்பத்தி நாலு. டாக்டர் கையெழுத்துப் போட்டார். கேட் பாஸ் என் சட்டைப் பையில்!

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் மறுநாள் பாஸைக் காட்ட மாமியார் வீட்டுக்குப் போனோம். சகலையும் வந்திருந்தார். பந்திப் பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், உப்புக் குழம்பைக் கையால் மறித்து, சத்தமாகச் சொன்னார்:

"வேணாம் அத்தை. பாவம் சகல, தனியா உப்பில்லாம சாப்புடறாரு. இனிமே அவருக்குத் துணையா எனக்கும் அந்தப் பருப்பையே ஊத்துங்க."

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கரண்டியோடு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா மாப்ள? உங்களுக்காவ அவரு உப்பையே வுட்டுட்டாரு. மாப்ளைன்னா இவருல்ல மாப்ள!"

நல்லவேளை... அந்த நேரத்தில் யாரும் என் கையில் பட்டையைச் சுற்றவில்லை.