இடதுபக்க இருக்கை

யோகம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளில்கூட ஏறியதில்லை. ஆனாலும் அவள் ஏறி உட்காராமல் அந்த வெள்ளை மினி பஸ் முகாம் கேட்டைத் தாண்டக் கூடாது என்று எழுத்தில் விதி இருந்தது.

முகாம் ஒரு வெளிநாட்டு ராணுவத்தினுடையது. இங்குள்ள படைக்குப் பயிற்சி கொடுக்க வந்த அதிகாரிகள், அவர்கள் மனைவி மக்கள், வேலைக்கு நம் ஆட்கள் என்று முந்நூறு பேர், துபாயிலிருந்து உள்ளே தள்ளிப் பாலைவனத்தில் இருந்தார்கள். வண்டிகளைத் தங்கள் நாட்டிலிருந்தே கப்பலில் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் ஊரில் ரோட்டின் இடதுபக்கம் போவார்கள், ஸ்டியரிங் வலதுபக்கம் இருக்கும். இங்கே எல்லாரும் வலதுபக்கம் போகிறவர்கள். அதனால் அந்த வண்டிகளை ஓட்டுகிறவர் ரோட்டின் மண்ணோரமாக உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு தண்ணி டேங்கர் போனால், அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. இடதுபக்க இருக்கையில் இருப்பவருக்குத்தான் தெரியும். அந்த ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும், டிரைவர் முந்த வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் மினி பஸ்ஸில் அந்த ஆள் யோகம்மா.

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. புருஷன் செத்துப்போன பிறகு குவைத்துக்கு வந்து, ஃபர்வானியாவில் ஒரு வீட்டில் ஐந்து வருஷம் வேலை செய்தாள். அந்த ஐந்து வருஷத்தில் அவள் பார்த்த வெளி, சமையலறை ஜன்னலுக்கு எதிரே இருந்த இன்னொரு வீட்டுச் சுவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பேச்சு அப்படியே உள்ளே போய்விட்டது. பிறகு ஒரு ஏஜெண்டு மூலமாக இந்த முகாமுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வந்து, பஸ்ஸில் முன்சீட்டில் உட்காரச் சொன்னபோது, முதல் நாள் முழுக்க அவள் கண்ணாடியை விட்டுத் திரும்பவே இல்லை. எவ்வளவு பெரிய வானம்! ஒட்டகம் ஒன்று ரோட்டோரம் நின்று அவளையே பார்த்தது.

டிரைவர் அம்மையப்பன் முதுகுளத்தூர்க்காரர். மதுரையில் பஸ் ஓட்டியவர். வயது நாற்பத்திரண்டு, மனைவி பிரசவத்தில் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. முதல் நாளே கேட்டார்.

"ஏங்க, சிலோன்னு சொன்னாங்க, நீங்க பேசுறது எங்க ஊர்ப் பேச்சாவுல இருக்கு?"

அவள் ஏதோ சொன்னாள்.

"என்னது?"

மறுபடியும் சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"சரி, இப்பிடிப் பேசுனீங்கன்னா நாம ரெண்டு பேரும் நேரா சொர்க்கத்துக்குத்தான் பஸ் விடணும்," என்றார்.

அன்றே வழியும் கண்டுபிடித்தார்கள். மதுரை பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் நிற்க வேண்டும், இரண்டு ஊதினால் போக வேண்டும். அவள் ஊர் பஸ்ஸில் மணி. அதிலும் ஒன்றுக்கு நில், இரண்டுக்குப் போ. யோகம்மா தன் மோதிர விரலால் டாஷ்போர்டைத் தட்டினாள். ஒரு தட்டு, பொறுங்கள். இரண்டு தட்டு, போகலாம். அம்மையப்பன் ரோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் அந்தத் தட்டுக்கு ஏற்ப ஸ்டியரிங்கை ஒடித்தார். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. துபாயில் அல் குசைஸ் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்வர ஒரு மணி நேரம், ஒரு நாளும் ஒரு கீறல் விழவில்லை.

அவளோடு ஒரே ரூமில் இருந்த நாகர்கோவில்காரி ஜலஜா முகாம் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். அவளுக்கு இது பெரிய வேடிக்கை. "ஏட்டி, ரெண்டு வருஷமா ஒரு வண்டில போறிய. தட்டித் தட்டியே குடும்பம் நடத்திருவியளோ?" என்பாள். யோகம்மா போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொள்வாள்.

எண்பத்தி நாலு ஜனவரியில் போக்குவரத்துப் பிரிவுக்குப் புது சார்ஜென்ட் வந்தார். வந்த வாரமே விதிப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தார். எல்லா டிரைவர்களும் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும். கிளார்க் இரத்தினசிங்கம் அதைப் படித்துச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனியில் நிற்கும்.

"கேளுங்கோ. ஏ எண்டால் மோட்டார் சைக்கிள். பி எண்டால் காரும் ஜீப்பும். சி எண்டால் லொறி. டி எண்டால் ஆக்களை ஏத்திற பஸ். அம்மையப்பன், உம்மட கார்ட்டிலை டி இருக்கு. ஆனால் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியிலை டி ஓட்டிறதெண்டால், பக்கத்திலை பாத்துச் சொல்லுற ஆளும் டெஸ்ட் குடுக்க வேணும். வாயாலை, சத்தமாச் சொல்ல வேணும். எந்தப் பாஷையிலையும் கத்தலாமாம்."

"நானுமா?" என்றாள் யோகம்மா.

"என்ன பிள்ளை? கேக்கேல்லை."

"அவங்களுமான்னு கேக்குறாங்க," என்றார் அம்மையப்பன்.

"நீங்கள் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஓம் பிள்ளை, நீரும்தான். ஃபெயில் எண்டால் அந்த சீற் இல்லை. மேஜர் வீட்டுக் குசினியிலை ஆள் தேவையெண்டு கேட்டுக்கொண்டிருக்கினம்."

அன்று இரவுச் சாப்பாடு யோகம்மாவுக்கு இறங்கவில்லை. மேஜர் வீட்டுச் சமையலறையை அவள் பார்த்திருக்கிறாள். ஜன்னலுக்கு எதிரே ஜெனரேட்டர் ஷெட்டின் சுவர். இன்னொரு சுவரை இன்னும் எத்தனை வருஷம் பார்ப்பது?

டெஸ்ட் நாளன்று பஸ்ஸில் பிள்ளைகள் இல்லை. சார்ஜென்ட் அம்மையப்பனுக்கு நேர்பின்னால் அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் லாரிக்குப் பின்னால் வந்ததும் அம்மையப்பன், "போலாமா?" என்றார்.

யோகம்மா தலையை நீட்டிப் பார்த்தாள். "போகலாம்," என்றாள். அவள் காதுக்கே அது கேட்கவில்லை. அம்மையப்பன் அவள் உதட்டைப் பார்த்து முந்தினார். சார்ஜென்ட் ஏதோ எழுதிக்கொண்டார். இரண்டாவது முறையும் அப்படியே.

மூன்றாவதாக ஒரு தண்ணி டேங்கர். எதிரே வெகுதூரத்தில் ஜல்லி லாரி ஒன்று வருவது யோகம்மாவுக்குத் தெரிந்தது. பொறுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பின்னாலிருந்த சார்ஜென்ட் யோசனையில் பென்சிலால் அட்டையில் தட்டினார். டக், டக்.

இரண்டு தட்டு.

இரண்டு வருஷப் பழக்கம். அம்மையப்பனின் கை யோசிக்காமல் ஸ்டியரிங்கை ஒடித்தது. பஸ் வெளியே வந்தது. ஜல்லி லாரி ஹாரனை அழுத்திக்கொண்டு முகத்துக்கு நேரே பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அம்மையப்பா! உள்ள வா! உள்ள வா!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. அம்மையப்பன் பிரேக்கை மிதித்து டேங்கரின் பின்னால் பஸ்ஸைச் சொருகினார். லாரி காற்றை வாரியடித்துக்கொண்டு போயிற்று. அம்மையப்பன் மணலோரத்தில் வண்டியை நிறுத்தினார். யோகம்மா தண்ணிப் போத்தலைத் திறந்து அவரிடம் கொடுத்தாள். சார்ஜென்டுக்கும் கொடுத்தாள். அவரும் குடித்தார்.

ஆபீசில் சார்ஜென்ட் மேஜையில் உட்கார்ந்து முடிவை எழுதிக் கொடுத்தார். இரத்தினசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார். "பிள்ளை, நீர் பாஸ். உம்மட சத்தம் காணுமாம், போதுமாம். ஆனால் அம்மையப்பன், நீர் வாய்ச்சொல் இல்லாமல் வண்டியை எடுத்தனீர். உம்மட டி-யை வெட்டச் சொல்லுறார். இனி பி மட்டும்தான். மரக்கறி வான்."

முகாமுக்குக் காய்கறி ஏற்றிவரும் வண்டி அது. அம்மையப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பென்சில் தட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தப்புதான் சார்," என்று மட்டும் சொன்னார்.

யோகம்மா கதவுப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவளுக்குச் சீட் கிடைத்துவிட்டது. வானம் கிடைத்துவிட்டது. பக்கத்தில் வேறு யாரோ இருப்பார்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவளைப் போகவிடவில்லை.

"ஐயா, சார்ஜென்ட்கிட்ட சொல்லுங்க," என்றாள். இப்போது எல்லாருக்கும் கேட்டது. "ரெண்டு வருஷமா நான் வாயால சொன்னதே இல்ல. விரலால தட்டுவேன். ரெண்டு தட்டுனா போகணும். இவரு பென்சில தட்டினாரு, அத நான்னு டிரைவர் நெனைச்சுக்கிட்டாரு. எனக்கு வாய் எழும்பலன்னுதான் அவரு தன் காதை என் விரலுக்குப் பழக்கிக்கிட்டாரு. தண்டனன்னா எனக்கும் குடுங்க."

"பிள்ளை, நீர் பாஸ் எண்டு சொல்லிப்போட்டார். பேசாமல் இரும்."

"இத்தன நாளா பேசாமத்தான் இருந்தேன், ஐயா. நீங்க சொல்லுங்க."

இரத்தினசிங்கம் மொழிபெயர்த்தார். சார்ஜென்ட் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தார். அதை மெதுவாக மேஜையில் வைத்தார். பிறகு எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். பதினைந்து நாள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி வர வேண்டும். அதுவரை அம்மையப்பனுக்கு மரக்கறி வான்தான். வாய்ச்சொல் மட்டும். இந்த முறை ஒருவர் தவறினாலும் இருவருக்கும் இடமில்லை.

வெளியே வந்ததும் அம்மையப்பன் கேட்டார். "கெடைச்சதை விட்டுட்டு என்னத்துக்கு இந்த வம்பு?"

அவள் முன்னால் வேகமாக நடந்தாள். காதோரம் சிவந்திருந்தது.

அந்தப் பதினைந்து நாளும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு ஒரு பஸ் வந்தது. இந்த ஊர் வண்டி, ஸ்டியரிங் இடதுபக்கம். அதை ஓட்டிய பாகிஸ்தான் பட்டாணியருக்கு யார் கண்ணும் தேவைப்படவில்லை. யோகம்மா பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து போனாள். எதிரே மரக்கறி வான் வந்தால் அம்மையப்பன் லைட்டை அணைத்துப் போடுவார். தனியாக ஓட்டிக்கொண்டு வருவார்.

மாலையில் ஜலஜா அவளைச் சலவைக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். ஆறு பெரிய மெஷின்களையும் ஒன்றாக ஓடவிட்டு, கூடத்தின் அந்த மூலையில் போய் நின்றாள்.

"ம், கத்து!"

"வேணாம்!"

"கேக்கலட்டி! மாப்பிள்ளை வேணாம்னு சொல்லுற மாதிரி சொல்லு!"

"வேணாம்!"

"அதுக்கு இவ்வளவு மெதுவாவா? அப்போ வேணும் போலிருக்கே!"

யோகம்மா சிரித்தாள். சிரிப்போடு சேர்ந்து குரலும் வெளியே வந்தது. நான்காம் நாள் பக்கத்து ஷெட்டிலிருந்து ஒரு சிப்பாய் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

இரண்டாவது டெஸ்ட் அன்று காலையிலிருந்தே காற்று. மணல் ரோட்டின் குறுக்கே புகை மாதிரி ஓடியது. போகும்போது முந்துவதற்கு எதுவும் அகப்படவில்லை. திரும்பும்போது முகாமுக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கையில் ஒரு தண்ணி டேங்கருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். அது மாட்டுவண்டி வேகத்தில் போயிற்று.

"போலாமா?"

யோகம்மா பார்த்தாள். புழுதிக்குள் எதுவும் வரவில்லை போலத்தான் இருந்தது. போலத்தான்.

"வேணாம்!"

ஒரு கிலோமீட்டர் போனது. "போலாமா?" "வேணாம்!" இன்னும் ஒன்று. "இப்ப?" "வேணாம்!"

சார்ஜென்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு மணிக்கு அவருக்கு மீட்டிங். முன்னால் குனிந்து பார்த்தார். "யல்லா, யல்லா," என்று அரபியில் அவசரப்படுத்தினார்.

முந்தாவிட்டால் இவளுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று எழுதுவாரோ? ஒரே ஒரு முறை போகலாம் என்று சொல்லிவிட்டால் போதும். அம்மையப்பன் போய்விடுவார். அவள் சொன்னால் போய்விடுவார், அதுதான் பயம்.

"வேணாம்!" என்றாள். "எனக்குத் தெரியல. தெரியாதவரைக்கும் வேணாம்."

அம்மையப்பன் கண்ணாடியில் சார்ஜென்டைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மேடம் நோ, சார்," என்றார். டேங்கரின் பின்னாலேயே போனார். சார்ஜென்ட் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். புழுதிக்குள்ளிருந்து லைட் போடாத ஒரு பிக்கப் சட்டென்று முளைத்து இடதுபக்கம் உரசுகிற மாதிரி போனது. முகாம் கேட் வரைக்கும் டேங்கரின் பின்னால் ஊர்ந்தே வந்தார்கள். மணி பதினொன்றே கால்.

இறங்கியதும் சார்ஜென்ட் நின்றபடியே இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டு இரத்தினசிங்கத்திடம் நீட்டிவிட்டு மீட்டிங்குக்கு ஓடினார்.

இரத்தினசிங்கம் படித்தார். இரண்டு முறை படித்தார். "ரெண்டு பேரும் பாஸ். டி திரும்பக் கிடைச்சிட்டுது. ஒரு வாகனத்தையும் முந்தாமல் டெஸ்ட் பாஸ் பண்ணின ஆக்கள் இந்த வளைகுடாவிலேயே நீங்கள் ரெண்டு பேரும்தான்."

"பன்னெண்டு தரம் வேணாம்னு சொன்னாங்க, சார்," என்றார் அம்மையப்பன். "எண்ணிக்கிட்டே வந்தேன். ஒவ்வொன்னும் மதுரைக்குக் கேட்டிருக்கும்."

"ஏன், காது வலிக்குதா?" என்றாள் யோகம்மா.

"இல்லீங்க. இன்னும் கொஞ்ச நேரம் அந்த டேங்கர் நம்ம முன்னால போயிருக்கலாம்."

இரத்தினசிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடும். பஸ் முழுக்கப் புழுதி. அம்மையப்பன் வாளியில் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தார். டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து இடதுபக்கக் கண்ணாடியை முதலில் துடைத்தார். ஒரு மூலைகூட விடாமல், நகத்தால் சுரண்டித் துடைத்தார். யோகம்மா உள்ளே ஏறி உட்கார்ந்து, கண்ணாடி தெளியத் தெளியப் பார்த்துக்கொண்டிருந்தாள்.